பொட்டாசியம் குறையும்போதும் நிறையும்போதும்: சிறுநீரகச் செல்களில் நிகழும் மாற்றங்கள்

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று உழவர்கள் வகுத்துச் சொல்லும் பயிர் ஊட்டங்களுள் மூன்றாவதாகிய சாம்பல் சத்தே மருத்துவ நூல்கள் பொட்டாசியம் என்று குறிப்பிடும் தனிமமாகும். இளையரசனேந்தலைச் சூழ்ந்து, கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையே விரிந்து கிடக்கும் கரிசல் மண் இச்சத்தை இயல்பாகவே மிகுதியாகக் கொண்டது. ஆயினும் காய் பிடிக்கும் பருவத்தில் பருத்திச் செடிக்கு இது போதாமற் போனால் இலையோரம் மஞ்சளாகிப் பின்னர் பழுப்பேறிக் கருகுவதையும், அதைக் கண்ட உழவர் உடனே பொட்டாஷ் உரத்தை நினைப்பதையும் இவ்வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மனித உடலில் இதே சத்து குறையும்போது அப்படிக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் எதுவும் முதலில் தோன்றுவதில்லை. கால் தளர்ச்சி, தசைப்பிடிப்பு, மலச்சிக்கல், இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை ஆகியவை தெரியவரும் நேரத்திற்குள், உடலின் பொட்டாசியக் கணக்கைப் பேணும் உறுப்பாகிய சிறுநீரகம் தன் செல்களின் அமைப்பையே மாற்றிக்கொள்ளத் தொடங்கியிருக்கும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 50 மில்லிமோல் என்ற அளவில் பொட்டாசியம் இருக்கிறது. அதில் 98 விழுக்காடு செல்களுக்குள்ளேயே, பெரும்பாலும் தசைகளில், அடங்கியுள்ளது. செல்லுக்குள் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோலாக உள்ள செறிவு, இரத்தத்தின் நீர்ப்பகுதியில் 3.5 முதல் 5 வரை மட்டுமே இருக்கிறது. இந்தப் பெரிய வேறுபாட்டைக் காப்பது, ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும் புரதமாகிய சோடியம்–பொட்டாசியம் பம்பு. இதை 1957இல் நண்டின் நரம்புகளிலிருந்து கண்டறிந்த டென்மார்க் அறிஞர் ஜென்ஸ் ஸ்கௌ அதற்காக 1997இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆகவே இரத்தப் பரிசோதனைத் தாளில் அச்சாகும் எண், உடலின் கையிருப்பில் ஐம்பதில் ஒரு பங்கைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கோடையில் கரிசல் காட்டுக் கிணற்றில் தெரியும் நீர்மட்டம், அடியில் உள்ள ஊற்று எவ்வளவு வறண்டது என்பதை முழுதும் சொல்லாதது போன்ற நிலைமை இது. இரத்தத்தில் லிட்டருக்கு 1 மில்லிமோல் குறைந்திருந்தால் உடல் முழுவதும் 200 முதல் 300 மில்லிமோல் வரை இழப்பு நேர்ந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் தோராயமாகக் கணக்கிடுவதன் காரணமும் இதுவே.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு வடிகட்டும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். அதனோடு வடியும் பொட்டாசியம் 700 மில்லிமோலைத் தாண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கை வடிகட்டியை அடுத்துள்ள அண்மைக் குழலும், கால் பங்கை ஹென்லே வளையத்தின் ஏறுபகுதியும் மீட்டு இரத்தத்திற்குத் திருப்பிவிடுகின்றன. எஞ்சிய சிறு பகுதியைக் கையாள்வதிலும், தேவைக்கேற்ப இரத்தத்திலிருந்து பொட்டாசியத்தைச் சிறுநீருக்குள் சுரப்பதிலும்தான் உண்மையான முடிவு எடுக்கப்படுகிறது. அம்முடிவு நடைபெறும் இடம் குழலின் கடைசிப் பகுதியாகிய சேகரிப்புக் குழல். அங்கே இரண்டு வகைச் செல்கள் அருகருகே அமர்ந்துள்ளன. முதன்மைச் செல் என்பது சோடியத்தையும் நீரையும் மீட்டுப் பொட்டாசியத்தை வெளியே விடுவது. அதன் சிறுநீர்ப் பக்கச் சவ்வில் உள்ள ரோம்கே எனும் துளைப்புரதமே பொட்டாசியம் வெளியேறும் வாயில். இடைச்செல் என்பது முதன்மைச் செல்களின் நடுவே ஆங்காங்கே செருகப்பட்டது. அதன் ஏ வகை, அமிலத்தை, அதாவது ஹைட்ரஜன் அயனியைச் சிறுநீருக்குள் தள்ளுகிறது. தேவைப்பட்டால் அதற்கு மாற்றாகப் பொட்டாசியத்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது. இவ்வுரை பெரும்பாலும் இந்த இடைச்செல்லின் கதையே.

சிறுநீரகத்தின் திறமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை இங்கே குறித்தாக வேண்டும். உணவில் சோடியம் இல்லாமற் போனால் சில நாள்களில் சிறுநீரில் அது ஏறத்தாழ அற்றுப்போகும் அளவிற்குச் சிறுநீரகம் இறுக்கிப் பிடித்துவிடும். பொட்டாசியத்தை அவ்வாறு முற்றிலும் பிடித்துவைக்க அதற்கு இயலாது. எவ்வளவு இறுக்கினாலும் நாளுக்கு 5 முதல் 15 மில்லிமோல் வரை கசிந்துகொண்டே இருக்கும். காய்கனி, பயறு ஆகியவற்றைத் தாராளமாக உண்டு வாழ்ந்த முன்னோரின் உடல், பொட்டாசியம் மிகுவதை எதிர்கொள்ளப் பழகிய அளவிற்கு அது அருகுவதை எதிர்கொள்ளப் பழகவில்லை என்றே கருதத் தோன்றுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம், அதாவது 90 மில்லிமோல், பொட்டாசியம் வேண்டும் என்று 2012இல் பரிந்துரைத்தது. கம்பும் கேழ்வரகும் உளுந்தும் கீரையும் விலகி, தீட்டிய அரிசிச் சோறே பெரும்பகுதியான தட்டில் இந்த அளவு எளிதில் சேராது.

வயிற்றுப்போக்கு, தொடர் வாந்தி, நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள், பேதி மருந்தின் நெடுநாள் பயன்பாடு, அல்டோஸ்டிரோன் என்ற அட்ரினல் இயக்குநீர் மிகுதல், பிறவியிலேயே குழல் புரதங்களில் குறை ஆகியவை பொட்டாசிய இழப்பின் வழக்கமான காரணங்கள். இவற்றுள் பேதி மருந்து, மருத்துவ வரலாற்றில் தனியிடம் பெற்றது. பேதி மருந்தை அளவின்றிப் பயன்படுத்திப் பொட்டாசியத்தை இழந்த நோயாளிகளை ஆராய்ந்து, அமெரிக்க மருத்துவர்கள் வில்லியம் ஷ்வார்ட்ஸும் ஆர்னால்ட் ரெல்மனும் 1953இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 1956இல், பொட்டாசியக் குறைவு சிறுநீரகத்தில் தனியொரு நோயையே உண்டாக்குகிறது என்று அவர்கள் நிறுவினர். அடுத்த ஆண்டு ஜீன் ஆலிவரும் அவருடைய குழுவினரும், பொட்டாசியம் நீக்கிய உணவளிக்கப்பட்ட எலிகளின் சிறுநீரகக் குழல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, மாற்றம் எந்தெந்த இடத்தில் நிகழ்கிறது என்று காட்டினர். தலைமயிரினும் மெல்லிய குழல்களைக் கிழியாமல் முழு நீளத்திற்கும் பிரித்தெடுத்த அந்தப் பொறுமைக்குப் பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் கடன்பட்டவை.

அண்மைக் குழலில் முதலில் தெரிவது செல்களுக்குள் வெற்றுக்குமிழ்கள் தோன்றுவது. அதைவிட முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத வேதி மாற்றம். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்ததும் செல்லுக்குள் இருப்பது வெளியேற, அதன் இடத்தில் ஹைட்ரஜன் அயனி உட்புகுகிறது. உடலின் இரத்தம் காரத்தன்மை கொண்டிருந்தாலும் அண்மைக் குழல் செல்லின் உட்புறம் அமிலமாகிறது. தான் அமிலத்தில் மூழ்குவதாகக் கருதும் செல், குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்து அமோனியாவை மிகுதியாக உண்டாக்குகிறது. சிட்ரேட்டைச் சிறுநீரில் விடாமல் உறிஞ்சிக்கொள்கிறது. கால்சியம் கல்லாகப் படியாமல் தடுக்கும் பொருள் சிட்ரேட் என்பதால், அது குறைந்த சிறுநீரில் கல் உருவாக வழி ஏற்படுகிறது. அமோனியா திசுவில் தேங்கி, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சி3 எனும் புரதத்தைத் தூண்டி அழற்சியை வளர்க்கிறது என்பதை 1980களில் நாத், ஹோஸ்டெட்டர் ஆகியோரின் குழு எலிகளில் காட்டியது. அமோனியா உற்பத்தி தணியுமாறு சோடியம் பைகார்பனேட் கொடுக்கப்பட்ட எலிகளில், பொட்டாசியம் இன்னும் குறைந்திருந்தபோதும், திசுக்கேடு குறைவாக இருந்தது. பொட்டாசியக் குறைவு நேரடியாகத் தாக்குவதினும், அதைத் தாங்க முயலும் செல்லின் சொந்த எதிர்வினையே மிகுந்த தீங்கு செய்கிறது என்ற முடிவிற்கு இது இட்டுச் செல்கிறது. செல்லின் தற்காப்பே அதன் நோயாக மாறும் இந்த இடம் இப்பொருளில் மிகவும் சிந்திக்கத்தக்கது.

சேகரிப்புக் குழலில் நிகழ்வது இன்னும் வியப்பிற்குரியது. முதன்மைச் செல், தன் சவ்வில் உள்ள ரோம்கே வாயில்களை உள்ளே இழுத்துக்கொண்டு பொட்டாசியம் வெளியேறும் வழியை அடைக்கிறது. அதே வேளையில் நீரை மீட்கும் அக்குவாபோரின்-2 என்ற புரதமும் குறைகிறது; டேவிட் மார்பிள்ஸ், சோரன் நீல்சன் முதலியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், 11 நாள் பொட்டாசியம் இன்றி வளர்ந்த எலிகளின் சிறுநீரகத்தில் இப்புரதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. பொட்டாசியம் குறைந்த நோயாளி இரவில் பலமுறை எழுந்து சிறுநீர் கழிப்பதும், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தும் தாகம் தீராமல் தவிப்பதும் இதனால்தான். சர்க்கரை நோய் வந்துவிட்டதோ என்று அஞ்சி மருத்துவமனைக்கு வருவோரில் சிலருக்கு இரத்தச் சர்க்கரை சரியாக இருந்து, குறைந்திருப்பது பொட்டாசியம் என்று தெரியவருவதுண்டு.

ஏ வகை இடைச்செல்லோ சுருங்குவதில்லை, பெருக்கிறது, பெருகுகிறது. அதன் சிறுநீர்ப் பக்கச் சவ்வின் பரப்பு மடிப்பு மடிப்பாக விரிகிறது. அமிலத்தைத் தள்ளிப் பொட்டாசியத்தை வாங்கும் ஹைட்ரஜன்–பொட்டாசியம் பம்புகள், குறிப்பாகப் பெருங்குடலில் முதலில் அறியப்பட்ட வகை, அதில் பன்மடங்காகின்றன. இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்பின் நெருங்கிய உறவினம் இது. செல்கள் பிளவுற்று எண்ணிக்கையிலும் கூடுவதால், சில நாள்களிலேயே எலியின் சிறுநீரக அகணியின் வெளிப்பட்டை தடித்து, உறுப்பின் எடையே கூடிவிடுகிறது. இப்பெருக்கத்தைத் தூண்டும் சைகைகளுள் ஜிடிஎஃப்-15 என்ற வளர்ச்சிக் காரணியும் ஒன்று என்பது அண்மைக் கால ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. முதிர்ந்த விலங்கின் சிறுநீரகத்தில் செல்கள் எளிதில் பிளவுறுவதில்லை. ஓர் உப்பின் பற்றாக்குறை மட்டுமே அந்த ஓய்வைக் கலைத்து, உறுப்பைத் தன் வேலையாட்களின் விகிதத்தையே மாற்றச் செய்கிறது.

சேகரிப்புக் குழலுக்கு முன்னே அமைந்த சேய்மைச் சுருள் குழல், பொட்டாசியத்தைக் காக்கும் முயற்சியில் உப்பைப் பிடித்து வைக்கிறது. இரத்தப் பொட்டாசியம் குறைந்தவுடன் அக்குழலின் செல்களிலிருந்து குளோரைடு வெளியேறுகிறது. குளோரைடின் அளவை உணரும் டபிள்யூஎன்கே என்ற நொதிக்குடும்பம் அதனால் விழிப்புற்று, சோடியம் குளோரைடை மீட்கும் என்சிசி எனும் கடத்தியை முடுக்கிவிடுகிறது. சோடியம் இங்கேயே பிடிபட்டால் சேகரிப்புக் குழலைச் சென்றடைவது குறையும். அங்கே சோடியத்திற்கு மாற்றாக வெளியேறும் பொட்டாசியமும் அதனால் குறையும். கொடுக்கும் விலை உடலில் உப்புத் தங்குதல், அதன் வழியே இரத்த அழுத்தம். ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் மிகுந்து, காய்கனி குறைந்த உணவில் இரத்த அழுத்தம் ஏறுவதை, உப்பின் மிகுதி என்ற ஒரு காரணத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது என்பதை இந்த நுட்பம் தெளிவாக்குகிறது.

இனிக் குறை தீர்க்கப்படும்போது நிகழ்வது. எல்லா மாற்றங்களும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை என்பதே இதில் அறிய வேண்டிய முதன்மையான செய்தி. என்சிசி கடத்தி, எலிக்குப் பொட்டாசியம் புகட்டிய அரை மணி நேரத்திற்குள் தளர்ந்துவிடுகிறது. அக்குவாபோரினும் சிறுநீரின் அளவும் சீராக, மார்பிள்ஸ் குழுவின் எலிகளுக்கு ஏழு நாள் இயல்பான உணவு தேவைப்பட்டது. பெருகிவிட்ட இடைச்செல்களின் நிலை வேறு: தேவைக்கு மேல் உருவான செல்களைக் குழல் தானே அகற்றியாக வேண்டும். கொரிய ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் கண்ட காட்சி இதன் ஒரு வழியைக் காட்டுகிறது. சிதையும் இடைச்செல்லை அருகில் உள்ள முதன்மைச் செல் சுற்றி வளைத்து, தன்னுள் விழுங்கிச் செரித்துவிடுகிறது. அழற்சி இன்றி, குழலின் சுவரில் ஓட்டை விழாமல், அண்டைச் செல்லே மிச்சத்தை அப்புறப்படுத்தும் இந்த ஒழுங்கு, திருத்தம் என்பதும் கட்டுமானத்தைப் போலவே செல்கள் மேற்கொள்ளும் உழைப்பு என்பதை உணர்த்துகிறது. ஆனால் குறைவு பல மாதம், பல ஆண்டு நீடித்து, குழல்களுக்கு இடைப்பட்ட திசு நார்த்தழும்பாகிவிட்டால், எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் அது நெகிழ்வதில்லை. நெடுநாள் குறைவில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளும் தோன்றுகின்றன. அல்டோஸ்டிரோன் சுரக்கும் அட்ரினல் கட்டி அகற்றப்பட்டு இரத்தப் பொட்டாசியம் சீரான நோயாளிகளில் இவை சுருங்கியதை 1990இல் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்தது. நீர்க்கட்டி கூடச் சுருங்கும், தழும்பு சுருங்காது என்ற வேறுபாட்டில் காலத்தின் மதிப்பு அடங்கியுள்ளது.

இவ்வளவையும் எலிகளின் ஆய்வகத்திலிருந்து தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்குக் கொண்டுவந்து நிறுத்தும் ஒரு கொடிய எடுத்துக்காட்டு ஒடுவன்தழை. நிலப்பாலை என்றும் பெயர் பெற்ற இச்சிறு மரம் வறண்ட மலைக்காடுகளில் வளர்வது. அதன் நச்சால் பாதிக்கப்பட்டோர் வேலூர், புதுச்சேரி உள்ளிட்ட பகுதிகளின் மருத்துவமனைகளுக்குப் பல பத்தாண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றனர். இவர்களில் பெரும்பாலோர் தாங்க முடியாத மனத்துயரின் ஒரு கணத்தில் அதை நாடியவர்கள் என்பதால், இந்நோயின் மருத்துவம் சிறுநீரகத்தோடு முடிவதில்லை. அத்தகைய துயரில் உள்ளோர் தமிழ்நாட்டில் எந்நேரமும் 104 என்ற எண்ணில் பேசலாம் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது முறையன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோயாளிகளில் சிறுநீரகக் குழல்கள் பழுதுற்று, சிறுநீர் வழியே பொட்டாசியம் வெளியேறுவதையும், சிறுநீரை அமிலமாக்கும் ஆற்றல் இழக்கப்படுவதையும் எடுத்துக்காட்டியது. அக்கல்லூரியின் உடலியங்கியல் ஆய்வாளர்கள் எலிகளிலும் இதே சேய்மைக் குழல் அமிலத்தேக்கத்தைக் கண்டனர். இத்தழையில் உள்ள கிளைஸ்டாந்தின் என்னும் நச்சுகள் டைஃபிலின் என்ற மூலக்கூறின் வழிவந்தவை. டைஃபிலினோ, செல்களில் ஹைட்ரஜன் அயனியைத் தள்ளும் ஒரு வகைப் பம்பை முடக்கும் தன்மையது. அந்தப் பம்பு சிறுநீரகத்தில் மிகுதியாகக் குடியிருக்கும் இடம் ஏ வகை இடைச்செல்லே. பொட்டாசியம் குறையும்போது எந்தச் செல்லைப் பெருக்கி உடல் தன்னைக் காத்துக்கொள்ள முயல்கிறதோ, அந்தச் செல்லின் கையையே இந்நஞ்சு கட்டிவிடுகிறது என்று கருத இடமுண்டு. அதனால் பொட்டாசியம் சரிய, இரத்தம் அமிலமாக, இதயத் துடிப்பு தடம் புரளும் ஆபத்து எழுகிறது. இதற்கெனத் தனி மாற்றுமருந்து இல்லை. முதல் நாளில் ஈசிஜி சரியாக இருந்தவர்களுக்கும் அடுத்த நாள்களில் நிலைமை மோசமாகக்கூடும். எனவே தொல்லை எதுவும் இல்லாதவர் போலத் தோன்றினாலும் மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்தல் கட்டாயம்.

அமிலத்தேக்கமும் பொட்டாசியக் குறைவும் சேர்ந்திருக்கும் இந்நிலையில் எதை முதலில் திருத்துவது என்பது உயிரோடு தொடர்புடைய கேள்வி. பைகார்பனேட்டை முதலில் செலுத்தினால் இரத்தத்தின் அமிலம் குறையும்போதே பொட்டாசியம் செல்களுக்குள் புகுந்து, ஏற்கெனவே தாழ்ந்த அளவு மேலும் வீழும். குளூக்கோஸ் டிரிப்ஸில் பொட்டாசியத்தைக் கலந்தாலும், குளூக்கோஸ் தூண்டும் இன்சுலின் அதே தீங்கைச் செய்யும். ஆகவே பொட்டாசியம் முதலில், அதுவும் சாதாரண உப்புநீரில் கலந்து. மருத்துவமனையில் உள்ள 10 மில்லி ஆம்பூல் ஒன்றில் 20 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. அதைக் கலக்காமல் நேரே சிரையில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லிமோலுக்கு மேல் போகாமலும், அதற்கு மேல் தேவைப்பட்டால் ஈசிஜி திரை ஓடிக்கொண்டிருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் கொடுப்பதே நடைமுறை. வாய்வழி உட்கொள்ள இயலுபவருக்குச் சிரப்பே பாதுகாப்பானது. அதன் 15 மில்லியிலும் அதே 20 மில்லிமோல் உண்டு. மக்னீசியமும் உடன் குறைந்திருந்தால் இவ்வளவும் வீணாகும், ஏனெனில் முதன்மைச் செல்லின் ரோம்கே வாயிலை உட்புறமிருந்து அடைத்து நிற்பது மக்னீசியம். அது இல்லாதபோது, ஏற்றும் பொட்டாசியம் சிறுநீரில் ஒழுகிக்கொண்டே இருக்கும். பொட்டாசியம் ஏறவே மாட்டேன் என்கிறதே என்று மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதற்கு முன் மக்னீசியத்தைச் சோதிப்பது பல நாள் அலைச்சலைத் தவிர்க்கும்.

வயிற்றுப்போக்கிற்கு வீட்டில் கொடுக்கும் உப்பு–சர்க்கரைக் கரைசலில் பொட்டாசியம் இல்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தில் லிட்டருக்கு 20 மில்லிமோல் உள்ளது. இளநீரில் ஏறத்தாழ 50 மில்லிமோல் வரை பொட்டாசியம் உண்டு, ஆனால் சோடியம் மிகக் குறைவு. ஆகவே அது ஓஆர்எஸ்ஸுக்குத் துணையாகலாம், அதன் இடத்தைப் பிடிக்க முடியாது. சிறுநீரகம் பழுதுற்றவருக்கோ இந்தக் கணக்கு முழுவதும் தலைகீழாகும். “உப்பு ஏறிவிட்டது” என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய முதியவருக்கு, உடம்புக்குக் குளிர்ச்சி என்று அன்போடு வெட்டிக் கொடுக்கப்படும் இளநீரும், சோடியம் குறைந்தது என்று வாங்கப்படும் மாற்று உப்பும் இதயத்தை நிறுத்தும் அளவிற்குப் பொட்டாசியத்தை உயர்த்திவிடக்கூடும், ஏனெனில் அதைச் சிறுநீருக்குள் சுரக்க வேண்டிய செல்களின் எண்ணிக்கையே அவரிடம் குறைந்துபோயிருக்கிறது. காய்கறியை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்த நீரை வடித்துவிடும் சமையல், ஆரோக்கியமானவருக்குச் சத்தை வீணாக்குவது. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அதுவே மருத்துவ அறிவுரை.

நீர் பிரியும் மாத்திரை தொடங்கிய பின் ஓரிரு வாரத்திலும், வயிற்றுப்போக்கால் துவண்டு மருத்துவமனையில் கிடந்து வீடு திரும்பிய சில நாள்களிலும், பொட்டாசியம், மக்னீசியம், கிரியாட்டினின் மூன்றையும் ஒருமுறை பார்க்கும் வழக்கம் சிற்றூர்களின் ஆரம்பச் சுகாதார நிலையங்கள் வரை வரவேண்டும். இரத்தத்தின் எண் ஒரே இரவில் சீராகிவிடக்கூடும். குழலின் செல்கள் பழைய விகிதத்திற்குத் திரும்ப அதைவிட நெடுநாள் பிடிக்கும், அதுவரை அவருக்குத் தாகமும் இரவில் எழுந்து சிறுநீர் கழிப்பதும் தொடரக்கூடும் என்பதை வீட்டிற்கு அனுப்பும் நாளிலேயே நோயாளியிடமும் உறவினரிடமும் சொல்லிவிட்டால், அவர்கள் அஞ்சி மருந்தை நிறுத்திவிடவும் மாட்டார்கள், தாங்களாகக் கூட்டிக்கொள்ளவும் மாட்டார்கள்.